விளக்கு வடிவமைப்பில் ஒளிமூலத் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடு, ஷேடு, தண்டு எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டு, "உள்ளே ஏதாவது ஒரு எல்இடி பல்பைப் போட்டுக்கொள்ளலாம்" என்று விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஒளி எந்தப் பக்கம் போகிறது, சூடு எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகே கூட்டின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும்.

எல்இடி சூடாகாது என்ற நம்பிக்கைதான் அதிக விளக்குகளைக் கெடுக்கிறது. குமிழ் தொட்டால் சுடாமல் இருக்கலாம், கழுத்து சுடும். மேற்புறம் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால், சூடான காற்று மேலேறிக் கழுத்தைச் சுற்றியே நிற்கும். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றான டிரைவர் இருப்பது அங்கேதான். அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு) ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். எல்இடி சில்லுகள் நன்றாக இருக்கும்போதே பல்ப் மினுக்கி மினுக்கி அணைந்துபோவதற்கு இது முக்கியக் காரணம். கீழே ஒரு வழி, ஹோல்டருக்குப் பக்கத்தில் மேலே ஒரு வழி என்று காற்றுக்குத் திறப்பு வையுங்கள். முடியாதென்றால், மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பையே வாங்குங்கள்.

அடுத்தது திசை. பாதி உடல் பிளாஸ்டிக்காக இருக்கும் சாதாரண எல்இடி பல்ப், ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே வீசும். மேசை விளக்கில் அதை நிமிர்த்தி வைத்தால் ஷேடின் மேல்பாதி பளிச்சென்றும் அடிப்பாதி மங்கலாகவும் தெரியும். புத்தகத்தில் விழ வேண்டிய வெளிச்சம் கூரைக்குப் போய்விடும். அங்கே நான்கு பக்கமும் ஒளி தரும் ஃபிலமென்ட் வகை எல்இடி பொருந்தும்.

எல்இடிகள் வரிசையாகப் பதித்த பட்டையான ஸ்ட்ரிப்பைப் போடுகிறவர்கள், அதற்கும் மேல்மூடிக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடுவதில்லை. மீட்டருக்கு 60 எல்இடி என்றால் ஒன்றுக்கொன்று இடைவெளி சுமார் 17 மி.மீ. பால்நிற அக்ரிலிக்கை 5 மி.மீ. தள்ளி வைத்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். குறைந்தது அந்த இடைவெளி அளவுக்காவது தள்ளி வையுங்கள், 25 மி.மீ. இருந்தால் இன்னும் சீராக இருக்கும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு ஒரே முனையில் இணைத்தால் வால்பகுதி மங்கும். இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், அல்லது 24 வோல்ட்டுக்கு மாறுங்கள்.

வெளிச்சத்தை வாட்டில் அளக்காதீர்கள், அது மின்செலவின் அளவு; வெளிச்சத்தின் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென். நிறத்தையும் வெறும் பல்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் சாயல் கொண்ட 2700 கெல்வின் பல்ப் (கெல்வின் என்பது ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு), சந்தன நிறத் துணி ஷேடுக்குள் இன்னும் மஞ்சளாகிவிடும். தோல், மரம், துணி இயல்பான நிறத்தில் தெரிய வேண்டுமென்றால் சிஆர்ஐ (ஒளி நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்குக் குறையாமல் பாருங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உண்டென்றால், அதே டிம்மர், அதே பல்ப் இரண்டையும் சேர்த்து, மிகக் குறைந்த ஒளி வரை இறக்கிச் சோதியுங்கள். மினுக்கல் அங்கேதான் வெளிப்படும்.

பல்புக்குப் பதில் எல்இடி சில்லுகள் பதித்த பலகையைப் பயன்படுத்தினால், அதைச் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கில் பசைபோட்டு ஒட்டிவிடாதீர்கள். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகாணியால் முடுக்கினால், பழுதாகும்போது பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம்.