இலத்தீன் கையெழுத்துப் படிகளின் சுருக்கக் குறிகளைப் படிக்கும் முறை

கோதிக் எழுத்தில் (கோடுகள் நெருங்கி நிற்கும் இடைக்கால ஐரோப்பிய எழுத்து வடிவம்) அமைந்த 13ஆம் நூற்றாண்டுத் தோல் ஏட்டைப் படிக்கத் தொடங்கும்போது, பொருளைத் தேடுவதற்கு முன் செங்குத்துக் கோடுகளை எண்ணுங்கள். இலத்தீன் எழுத்துகளான ஐ (i), என் (n), எம் (m), யு (u) ஆகியவை ஒரே வகைக் குறுங்கோடுகளால் ஆனவை; ஐ எழுத்தின் மேல் புள்ளியும் பெரும்பாலும் இராது என்பதால், 'மினிமும்' (minimum) என்ற சொல் பதினைந்து கோடுகள் கொண்ட வேலியாகவே தெரியும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதன்று.

அடுத்து, சொற்களைச் சுருக்கி எழுத இட்ட குறிகள். உயிரெழுத்தின் மேல் கிடைக்கோடு இருந்தால், பெரும்பாலும் அதையடுத்து எம் அல்லது என் விடுபட்டிருக்கும். மிகுந்த கவனம் வேண்டுவது பி (p) எழுத்துக்குத்தான்: கீழே நீளும் அதன் காலைக் குறுக்குக்கோடு வெட்டினால் 'பெர்', தலைக்கு மேல் கோடு வந்தால் 'பிரே', காலின் இடப்புறம் வளைவு சுழன்றால் 'ப்ரோ'. 7 போன்ற குறி 'எத்', அதாவது 'உம்'. 9 போன்ற குறி சொல்லின் தொடக்கத்தில் 'கொன்' என்றும், இறுதியில் சற்று உயர்ந்து நின்றால் 'உஸ்' என்றும் ஒலிக்கும். கிறிஸ்துவின் பெயரில் எக்ஸ் (x), பி போலத் தோன்றுபவை உண்மையில் கிரேக்கக் கீ, ரோ எழுத்துகளே.

படியெடுக்கும்போது, நீங்கள் விரித்தெழுதிய எழுத்துகளை மட்டும் பிறைக்குறிக்குள் இடுங்கள்; எழுத்தர் எழுதியது எது, உங்கள் ஊகம் எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.