ரூல் இன்ஜின்ல ரூல் எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்: எறால் பில்லுல நான் பாத்தது

பாம்பன், மண்டபம் பக்கம் எறால், கணவாய், நண்டு வாங்குற ஒரு கம்பெனிக்கு பில் போடுற சாஃப்ட்வேர்லதான் எனக்கு வேலை. என்ன வெல, எவ்வளவு கழிவு, எதை வாங்கலாம் எதை வாங்கக்கூடாதுன்னு எல்லா முடிவும் ரூல் இன்ஜின்லதான் இருக்கு, அதாவது "இப்படி இருந்தா இதைச் செய்"னு எழுதிக் குடுக்குற ரூலை எடுத்து ஓட்டுற சாஃப்ட்வேர், நாங்க யூஸ் பண்றது ட்ரூல்ஸ். இதுல ஒரு ரூல் தப்பா இருந்தா ராத்திரி பூரா கடல்ல கெடந்துட்டு வந்தவரோட கையில காசு கொறையும், அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன், புதுசா ரூல் எழுத வர்றவங்க பொறுமையா படிங்க.

நான் பாத்த தப்புல பெரும்பாலானதுக்கு வேர் ஒண்ணுதான். சாதாரண புரோகிராம் மாதிரி மேலேர்ந்து கீழ வரிசையா ஓடும்னு நெனச்சுக்கிட்டு ரூல் எழுதுறது. இன்ஜின் அப்படி ஓடாது. நீங்க குடுக்குற ஃபாக்ட், அதாவது சரக்கு, எடை மாதிரி விவரம், எல்லாத்தையும் எடுத்து, எந்தெந்த ரூலோட கண்டிஷன் ஒத்துப்போகுதோ அத்தனையையும் அஜெண்டால, அதாவது ஓட வேண்டிய பட்டியல்ல, ஏத்தி வச்சு ஒவ்வொண்ணா ஓட்டும், ஒரு ரூல் ஓடி ஃபாக்ட் மாறுச்சுன்னா திரும்ப பாத்து புதுசா ஏத்தும். சார்லஸ் ஃபோர்ஜி கார்னகி மெலன்ல 1979 ஆய்வேட்டுல எழுதின ரீட்டி அல்காரிதம்தான் இதுக்கு அடிப்படை. ஏலக்கூடத்துல யாரும் வரிசையில நின்னு கேக்குறதில்ல, யாருக்கு சரக்கு ஒத்துப்போகுதோ அவங்க குரல் குடுப்பாங்க, அது மாதிரின்னு வச்சுக்கங்க. "இது மேல இருக்குற ரூல்ல வரலன்னா இங்க வரும்"னு மனசுல நெனச்சு எழுதுனா, அந்த நெனப்பு இன்ஜினுக்குத் தெரியாது. ஒவ்வொரு ரூலும் தன் கண்டிஷனை தானே முழுசா சொல்லணும்.

எங்களுக்கு இது எறால் கவுண்ட்லதான் புரிஞ்சுது. கவுண்ட்ன்னா ஒரு கிலோவுக்கு எத்தனை எறால் நிக்குதுன்னு கணக்கு. 20 கவுண்ட்ன்னா பெரிய எறால், 60 கவுண்ட்ன்னா பொடிசு, அதாவது நம்பர் ஏற ஏற வெல எறங்கும். கடல் பக்கமே வராத ஒருத்தர் ரூல் எழுதுனா பெரிய நம்பர்தான் பெரிய எறால்னு குறியைத் திருப்பிப் போட்டுருவாரு, அது நடந்திருக்கு, ஆனா அதை மொத நாளே புடிச்சுட்டோம். புடிக்க முடியாம போனது வேற ஒண்ணு. வெல டேபிள்ல 20–30 ஒரு வரி, 30–40 அடுத்த வரி. ரெண்டு வரியிலயும் 30 இருக்கு. ட்ரூல்ஸ்ல எக்செல் டேபிளோட ஒவ்வொரு வரியும் ஒரு தனி ரூலா மாறும், அதனால 30 கவுண்ட் சரக்கு வந்தா ரெண்டுமே ஓடும், கடைசியா ஓடுனது எழுதுன வெலதான் நிக்கும். பல மாசம் நல்ல வெலதான் நின்னுச்சு, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. அப்புறம் நண்டுக்கு ஒரு புது ஃபைல் சேத்தப்ப ரூல் லோடு ஆகுற வரிசை மாறிப்போச்சு, கொறஞ்ச வெல நிக்க ஆரம்பிச்சுது. எறால் ரூலை யாரும் தொடவே இல்ல பாருங்க! ஒரு பெரியவர் பில்லை எடுத்துட்டு வந்து, "தம்பி, முந்தாநாளு இதே முப்பது கவுண்டுக்கு ஒரு வெல போட்டீக, இன்னைக்கு கொறச்சுப் போட்டுருக்கீக, எறால் என்ன சுருங்கியா போச்சு?"ன்னு கேட்டாரு. கிலோவுக்கு நாப்பது ரூவா வித்தியாசம், 80 கிலோ சரக்கு, 3,200 ரூவா. அந்தப் பணத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு, ஆனா அவர் வந்து கேக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

இதை சரி பண்ணுறேன்னு அவசரத்துல 21–30, 31–40ன்னு மாத்துனா அடுத்த குழி. கவுண்ட் சாம்பிள் எடுத்துதான் பாக்குறாங்க, ரெண்டு கிலோ எடுத்து எண்ணி 61 நின்னா அது 30.5 கவுண்ட். இப்ப 30.5க்கு எந்த வரியும் இல்ல. அதனால எப்பவும் "20க்கு மேல, 30 வரைக்கும்", "30க்கு மேல, 40 வரைக்கும்"னு எழுதுங்க, ஒரு எல்லை ஒரு வரிக்கு மட்டும்தான் சொந்தமா இருக்கணும். டிஎம்என்ங்கிற பொதுவான முறையில டேபிள் போடுறீங்கன்னா ஹிட் பாலிசியை, அதாவது பல வரி ஒத்துப்போனா என்ன பண்ணணும்ங்கிற செட்டிங்கை, யூனிக்னு வைங்க, ரெண்டு வரி ஒத்துப்போச்சுன்னா சும்மா ஒண்ணை எடுத்துக்காம தப்புன்னு காட்டிக்குடுக்கும். ஃபர்ஸ்ட்னு வச்சா மேல இருக்குற வரியை எடுத்துக்கிட்டு பேசாம போயிரும், பிரச்சினை மூடியே கெடக்கும்.

அடுத்தது சேலியன்ஸ், அதாவது எந்த ரூல் முன்னாடி ஓடணும்னு ரூலுக்குக் குடுக்குற நம்பர். ரெண்டு ரூல் மோதுதுன்னா ஒண்ணுக்கு 10, இன்னொண்ணுக்கு 20ன்னு போட்டு தப்பிச்சுரலாம்னு தோணும், அடுத்த ஆள் வந்து 100 போடுவாரு, அதுக்கப்புறம் வர்றவர் 9999 போடுவாரு, கடைசியில எது எதுக்கு முன்னாடின்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. முக்கியமா சேலியன்ஸ் கூடன்னா அந்த ரூல் மொதல்ல ஓடும், அவ்வளவுதான், மத்த ரூலை அது தடுக்காது. கடல் அட்டை 2001லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல தடை, அந்தச் சரக்கோட கோடு நம்பர் வந்தா பில் போடக்கூடாதுன்னு ஒரு ரூலை பெரிய சேலியன்ஸோட எழுதி வச்சிருந்தாங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்தா "தடை"ன்னு மெசேஜும் வந்துச்சு, கீழ வெலயும் போட்டுருந்துச்சு! சட்ட விஷயம் இது, வெளையாட்டு இல்ல. இப்ப வாங்கலாமா கூடாதான்னு பாக்குற ரூல் எல்லாம் தனி அஜெண்டா குரூப், அதாவது தனியா ஓடுற ஒரு கூட்டம், அது முடிஞ்சு "வாங்கலாம்"னு வந்தாத்தான் வெல குரூப்புக்கே போகும். ஒரு கூட்டத்துல ஒண்ணு மட்டும் ஓடணும்னா ஆக்டிவேஷன் குரூப் இருக்கு, நம்பரை ஏத்திக்கிட்டே போகாதீங்க.

ஒரு ரூல் தன்னையே திரும்பத் திரும்ப எழுப்புற லூப் தப்பு எல்லாருக்கும் தெரியும், இன்ஜின் நிக்காம சுத்தும், சர்வர் தொங்கும், யாராவது பாத்துருவாங்க. அதை விட மோசம் கொஞ்ச நேரம் சுத்திட்டு தானா நின்னுடுற லூப். ஐஸ் தண்ணி கழிவுன்னு ஒரு ரூல்: எடை 50 கிலோவுக்கு மேலன்னா 2 சதவீதம் கழி. கழிச்ச எடையை அதே எடை ஃபீல்டுலயே திரும்ப எழுதி மாடிஃபை பண்ணியிருந்தாங்க, அதாவது ஃபாக்ட் மாறிருச்சுன்னு இன்ஜினுக்குச் சொல்லியிருந்தாங்க. 60 கிலோ சரக்கு வருது, 58.8 ஆகுது. எடை மாறிருச்சு, இன்னும் 50க்கு மேலதான் இருக்கு, திரும்ப ஓடும், 57.62, திரும்ப 56.47, இப்படியே பத்து தடவை கழிச்சு 49.02ல வந்து நிக்கும். எர்ரர் கெடையாது, சர்வரும் நல்லாத்தான் இருக்கும், ஆனா 58.8 இருக்க வேண்டிய பில்லுல கிட்டத்தட்ட பத்து கிலோ காணோம். ரூல்ல நோ-லூப்னு ஒரு செட்டிங் போட்டா இது நிக்கும்தான், ஆனா நோ-லூப் ஒரு ரூல் தன்னைத்தானே எழுப்புறதை மட்டும்தான் தடுக்கும், ரெண்டு ரூல் ஒண்ணை ஒண்ணு மாத்தி மாத்தி எழுப்புனா ஒண்ணும் பண்ணாது. சரியான வழி, வந்த எடையைத் தொடவே தொடாதீங்க. மொத்த எடை ஒரு ஃபீல்டு, நிகர எடை வேற ஃபீல்டு, கண்டிஷன் மொத்த எடையைப் பாக்கட்டும், கணக்கு நிகர எடையில விழட்டும். இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு, மாடிஃபையோ அப்டேட்டோ சொல்லாம நேரா வேல்யூவை மாத்திட்டு ஏன் அடுத்த ரூல் ஓடலன்னு தேடுறது. நீங்க சொல்லாம இன்ஜினுக்குத் தெரியாது.

தமிழ்ல டேட்டா வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. மீன் பேரை எழுத்தா ஒப்பிடாதீங்க. கணவாய்னு ஒருத்தர் அடிப்பாரு, கனவாய்னு இன்னொருத்தர், இறால், எறால், றால்னு மூணு விதமா வரும். ரூல் ஒண்ணுதான் எழுதியிருப்பீங்க, மத்தது எல்லாம் ஒரு ரூலும் ஓடாம கீழ விழுந்துரும். கோடு நம்பர் வைங்க. அப்படியும் எந்த ரூலும் ஓடலன்னா என்ன பண்ணணும்னு கட்டாயம் எழுதி வைங்க, வெல சைபர்னு பில் வரக்கூடாது, பில்லே நிக்கணும், ஒரு ஆள் பாக்கணும். எடை காலியா வர்றதும் இதே கதைதான், காலியா இருந்தா 50க்கு மேலயும் இல்ல கீழயும் இல்ல.

தேதியை ரூலுக்குள்ள எழுதாதீங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம் முன்னாடி 45 நாள், அப்ப மே 29ல முடிஞ்சுது, இப்ப ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1லேர்ந்து ஜூலை 31, நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கெடையாது. அதனால தேதி, கடற்கரை, படகு வகை மூணும் டேபிள்ல இருக்கட்டும், ரூல் அதைக் கேட்டுக்கட்டும். ஏப்ரல் 15 உள்ள சேருமா சேராதான்னு டெஸ்ட் வைங்க. சர்வர் யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துல ஓடுதான்னும் பாருங்க, நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னால, விடியக்காலம் நாலு மணிக்கு எறங்குற சரக்கு அங்க முந்தின நாள் ராத்திரி பத்தரை, நேத்து வெல விழும். கரையில முக்கால்வாசி எடை விடியுறதுக்கு முன்னாடிதான் நடக்குது!

டீபக் பண்ணும்போது ரூலைப் படிச்சுக்கிட்டே உக்காராதீங்க, எந்த ரூல் எந்த வரிசையில ஓடுச்சுன்னு லாக் எடுங்க. ட்ரூல்ஸ்ல எந்த ரூல் ஓடுதுன்னு கேட்டுச் சொல்ற அஜெண்டா லிசனர் ஒண்ணு சேத்தா போதும், முப்பது கவுண்ட் விஷயத்தை நாங்க அப்படித்தான் ரெண்டு நிமிஷத்துல கண்டுபுடிச்சோம், பில் நம்பரைப் போட்டா ரெண்டு ரூல் பேரு அடுத்தடுத்து நின்னுச்சு. அதுக்கு ரூல் பேரு ஒழுங்கா இருக்கணும், "ரூல்1", "ரூல்2புதுசு"ன்னு இருந்தா லாக்கும் உதவாது.

டேபிளை சரக்கு வாங்குற அண்ணன்மார்கிட்ட பிரிண்ட் எடுத்துக் காட்டுங்க. நாங்க ஜூன் மாசம், படகு எல்லாம் கரையில நிக்கையில, போன சீசனோட பழைய பில் அத்தனையையும் புது ரூல்ல திரும்ப ஓட்டி, வெல மாறுன பில்லை மட்டும் தனியா எடுத்து, கவுண்ட் எண்ணுற அக்காகிட்டயும் எடை போடுற அண்ணன்கிட்டயும் ஒவ்வொண்ணா கேட்டுத்தான் ஜூன் 14க்கு முன்னாடி புது டேபிளை ஏத்துறோம்.