சடை வைக்கலாமா என்று கேட்கும் முன்னால் ஒரு பக்கெட் தண்ணீர் எடுங்கள்

போன ரமலானில் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து மதுரை நெல்பேட்டைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, ட்ரெட்லாக்ஸ் வச்சா ஹராமா?" முடியைத் திரித்துச் சடை சடையாக விடுவது மார்க்கத்தில் தடையா என்று கேட்கிறான். கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறான். வீட்டில் அவன் அத்தாவிடம் கேட்டிருக்கிறான், "சாமியார் மாதிரி சடை போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கு வரப்போறியா" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யூடியூபில் ஒருவர் ஹராம் என்கிறார், இன்னொருவர் தாராளமாக வைக்கலாம் என்கிறார். நான் இருபத்திரண்டு வயதில் ஒன்றரை வருடம் சடை வைத்திருந்தவன் என்பதால் என்னிடம் வந்தான். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும் அப்புறம் மார்க்க அறிஞரான எங்கள் ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் என் காலத்தில் இதை எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

முதலில் பயத்தை விடுங்கள். முடி, உடை, சாப்பாடு மாதிரியான பழக்கங்களில் தடைக்கு ஆதாரம் இல்லாதவரை அது ஆகுமானது என்பதுதான் மார்க்கத்தின் அடிப்படை. சடைக்கென்று தனியாக ஒரு தடையும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் முடி காது மடல் வரையும் சில சமயம் தோள் வரையும் இருந்தது, மக்காவுக்கு வந்தபோது நான்கு பின்னல்களோடு வந்தார்கள் என்று உம்மு ஹானி (ரலி) சொல்கிறார்கள். ஹஜ்ஜின்போது "என் தலைமுடியைப் படியவைத்து ஒட்டியிருக்கிறேன்" என்று ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் நபியவர்களே சொன்ன ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையான இஹ்ராமில் முடி பறக்காமலும் தூசி அடையாமலும் இருக்கப் பிசின் மாதிரி ஏதாவது தடவி ஒட்டிக்கொள்வார்கள், அதற்கு தல்பீத் என்று பெயர். அதுவும் ட்ரெட்லாக்ஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அது சில நாள் ஏற்பாடு. ஆனால் முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதே பாவம் என்று யாராவது சொன்னால் இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம் "முடி வைத்திருப்பவர் அதை மதித்துப் பேணட்டும்" என்ற ஹதீஸும் இருக்கிறது. தலை கலைந்து கிடந்த ஒருவரைப் பார்த்து, இவருக்கு முடியை அடக்கிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நபியவர்கள் கேட்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே சோம்பலில் தலை வாராமல் விட்டு அது சிக்குப் பிடித்ததும் ஸ்டைல் என்று சொல்வது சரிப்படாது. சடை வைத்தால் சாதாரண முடியைவிட இரண்டு மடங்கு பராமரிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது, எதற்காக வைக்கிறீர்கள் என்பது. "எவர் ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாகிறாரோ அவர் அவர்களைச் சேர்ந்தவர்" என்ற ஹதீஸை எல்லோரும் முதலில் நீட்டுவார்கள், அவன் அத்தாவும் அதைத்தான் மனதில் வைத்துச் சொன்னார். ஜமைக்காவில் 1930களில் எழுந்த ரஸ்தஃபாரி கூட்டத்தாருக்குச் சடை ஒரு மத நேர்ச்சை, 1930இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹைலே செலாசியை அவர்களில் பலர் தெய்வமாகவே பார்க்கிறார்கள். நம் மதுரையிலோ சடை என்றாலே சிவன் ஞாபகம்தான் வரும். தலையில் தானாகச் சடை விழுந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வெட்டாமல் விடும் வழக்கமும் சுற்று ஊர்களில் உண்டு. அது அவர்கள் நம்பிக்கை, அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் நம் வீடுகளிலும் சிலர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு முடியைத் தொடாமல் விடுவார்கள். நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டும்தான், அந்த எண்ணத்தில் ஒரு இழைகூட வளர்க்காதீர்கள்.

மற்றபடி ஜீன்ஸ் போட்டு டவுன் ஹால் ரோட்டில் நடக்கிற ஒரு பையனின் சடையைப் பார்த்தால் இன்றைக்கு யாரும் அவனை வேறு மதத்தவன் என்று நினைப்பதில்லை, பாட்டுப் பாடுகிறவன் என்றுதான் நினைக்கிறார்கள். வெறும் சிகையலங்காரமாக ஆகிவிட்ட ஒன்றில் ஒப்பாகுதல் என்ற பேச்சு வலுவிழக்கிறது என்பது என் புரிதல். கூடவே ரஸ்தஃபாரி அடையாளமான சிவப்பு, மஞ்சள், பச்சைத் தொப்பியும் கஞ்சா இலை டாலரும் போட்டால் அந்த வாதம் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். செனகலில் ஷைக் அஹ்மது பம்பாவின் முரீத் தரீக்கா என்ற சூஃபி வழியில் இப்ராஹீமா ஃபாலைப் பின்பற்றும் பாய் ஃபால் கூட்டத்தார் சடையோடுதான் இருக்கிறார்கள், அவர்கள் முஸ்லிம்கள். இதைச் சொல்வது சடை முஸ்லிம்களுக்கு அந்நியமில்லை என்று காட்டத்தான், மார்க்க ஆதாரமாக எடுக்க வேண்டாம். தொழுகை விஷயத்தில் அவர்களில் பலர்மேல் ஆலிம்களுக்குக் கடும் விமர்சனம் உண்டு.

சரி, இப்போது தண்ணீர். மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவில் சிக்கல் இல்லை. அதில் ஈரக் கையால் தலையைத் தடவும் மஸஹ் செய்ய, ஷாஃபிஈ மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி) தலையின் ஒரு சிறு பகுதி போதும், ஹனஃபியில் கால்வாசி. தொங்குகிற சடையைத் தடவினால் மஸஹ் கூடாது, தலைக்கு மேலே இருக்கும் பகுதியைத் தடவ வேண்டும், அவ்வளவுதான். உடல் முழுதும் முடியோடு நனைய வேண்டிய கடமையான குளிப்பில்தான் பிரச்சினை, அது சரியாக அமையாவிட்டால் தொழுகையும் கூடாது. "நான் முடியை இறுக்கிப் பின்னுகிறவள், குளிப்புக்காக அவிழ்க்க வேண்டுமா" என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, வேண்டாம், தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நபியவர்கள் சொன்னார்கள். இந்த ஹதீஸைக் காட்டி ஆண்களும் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஹனஃபி நூல்களில் இந்தச் சலுகை பெண்களுக்கு மட்டும், வேர் நனைந்தால் அவர்களுக்குப் போதும். ஆண் பின்னலை அவிழ்த்து உள்முடி வரை நனைக்க வேண்டும். மதுரை ராவுத்தர் வீடுகளில் பெரும்பாலும் நாம் ஹனஃபிதானே. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து ஷாஃபிஈ நண்பர்களுக்கு வேறு கணக்கு: ஆணோ பெண்ணோ தண்ணீர் உள்ளே போகிறதென்றால் அவிழ்க்க வேண்டியதில்லை, போகாது என்றால் அவிழ்த்தே ஆக வேண்டும். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூமின் ஃபத்ஹுல் முஈனில், தானாக முடிச்சு விழுந்த முடியின் உள்பக்கம் நனையாவிட்டாலும் மன்னிப்பு உண்டு என்று வருகிறது. நாமே உட்கார்ந்து முறுக்கி முடிச்சுப் போட்டதற்கு அந்த மன்னிப்பு இல்லை. சலூனில் ஊசி வைத்துக் கோர்த்துக் கட்டிய சடையைத் தானாக விழுந்த சிக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

என் சடையைச் சலூனில் மெழுகு வைத்துத்தான் போட்டார்கள், மாதம் ஒருமுறை போய் மேலே இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டு வருவேன். வெட்டிய அன்று ஒரு சடையைக் குறுக்கே பிளந்து பார்த்தேன். அரை மணி நேரம் முன்புதான் தலைக்கு ஊற்றியிருந்தேன், உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி, அப்படியே காய்ந்து கிடந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு. ஒன்றரை வருடத் தொழுகையை நினைத்து அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் ஹஜ்ரத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் சொன்னபடி செய்தேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே மெழுகு அறவே வேண்டாம். எண்ணெய் பூசினாலும் தண்ணீர் இறங்கும், மெழுகு தடுத்துவிடும். சடை பென்சில் கனத்துக்கு மேல் போக வேண்டாம், இறுக்கமாகவும் வேண்டாம். என்னைக் கேட்டால், நிலையான சடைக்கு முன்னால் இரண்டு புரியாக முறுக்கும் ட்விஸ்ட் வைத்துப் பாருங்கள். பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், கடமையான குளிப்பு வரும்போது அவிழ்த்துவிடலாம், ஹனஃபிகளுக்கு மனக்குழப்பமே இல்லை.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அகலமான பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தலையைக் குனிந்து சடைகளை முக்குங்கள். ஒவ்வொன்றாக வேரிலிருந்து நுனி வரை தண்ணீருக்குள்ளேயே அமுக்குங்கள். குமிழி வந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, தண்ணீர் முழுதாகப் போகவில்லை. குமிழி நின்ற பிறகு தலைக்கு மேலே ஊற்றி வேர்களைத் தேயுங்கள். எவ்வளவு அமுக்கியும் குமிழி நிற்காத சடை உங்கள் தலையில் இருக்கக்கூடாத சடை. நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு, ஷாம்பு நுரைக்காது, அலசினாலும் உள்ளே வெள்ளையாகத் தங்கிவிடும். கடைசி இரண்டு சொம்பாவது நல்ல தண்ணீரில் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் எளிதாகக் காயும், ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் ஈரமாகவே கிடந்து வாடை வரும். பச்சை வெங்காயம் சாப்பிட்டவரையே பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொன்ன மார்க்கம் இது, பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கும்படி தொழுகை வரிசையில் நிற்காதீர்கள்.

தொழுகையில் இன்னொன்று. நீளச் சடைக்காரர்கள் எல்லோரும் பின்னால் கொண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்கள் தொழும்போது முடியைச் சுருட்டிக் கட்டுவது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, ஏழு உறுப்புகளால் சஜ்தா செய்யச் சொல்லும் அதே ஹதீஸில் முடியையும் உடையையும் சுருட்டக்கூடாது என்றும் வருகிறது. அவிழ்த்துத் தொங்க விடுங்கள், நெற்றியில் விழாமல் காதுக்குப் பின்னால் ஒதுக்கித் தொப்பி போடுங்கள். ஷாஃபிஈக்காரர்கள் இதில் கூடுதல் கவனம், சஜ்தாவில் நெற்றி நேராகத் தரையில் பட வேண்டும், நடுவில் சடை கிடந்தால் சஜ்தாவே கேள்விக்குரியதாகிவிடும்.

சலூனில் கேட்காமலே மூன்று காரியம் செய்துவிடுவார்கள், உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் ஜீரோ மெஷின் போட்டு மழித்து மேலே மட்டும் சடை விடுவது ஒன்று, தலையில் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடும் கஸஃ தடுக்கப்பட்டது. நீளம் வேண்டும் என்று வேறொருவர் முடியைச் சேர்த்துப் பின்னுவது இரண்டாவது, ஒட்டுமுடி வைப்பவரையும் வைத்துக்கொள்பவரையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள், இதை லேசாக எடுக்காதீர்கள். தாடியையும் முறுக்கி முடிச்சுப் போடுவது மூன்றாவது, அதையும் கண்டித்து ஹதீஸ் இருக்கிறது.

பெண்களுக்கு வேர் நனையும் சலுகை இருக்கிறது, ஆனால் ஒட்டுமுடித் தடை அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஹிஜாபுக்குள் சடையை உச்சியில் கட்டித் திமில் மாதிரி தூக்காமல் பிடரியில் தாழ்வாகக் கட்டுங்கள். உம்ரா போகிறவர்கள் முடிவில் முடி குறைக்க வேண்டியிருக்கும், ஹனஃபியில் குறைந்தது கால்வாசித் தலையில் விரல்கணு அளவு, சடையின் நுனியை வெட்டத் தயங்காதீர்கள்.

கடைசியாக ஹஜ்ரத்திடம் கேட்கும் முறை. "ட்ரெட்லாக்ஸ் கூடுமா" என்று மட்டும் கேட்டால் அவர் மனதில் சாமியார் படம்தான் வரும், பதிலும் அதற்குத்தான் வரும். சடை எவ்வளவு கனம், எப்படிப் போட்டது, அவிழ்க்க முடியுமா, மெழுகு உண்டா, பக்கெட்டில் முக்கினால் என்ன ஆகிறது, நீங்கள் எந்த மத்ஹப், எல்லாம் சொல்லிக் கேளுங்கள். காஜிமார் பெரிய பள்ளிக்குப் போனாலும் சரி, உங்கள் மஹல்லா இமாமிடம் அஸருக்குப் பிறகு உட்கார்ந்தாலும் சரி. வீட்டில் அம்மா அழுகிறார்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். சடை அதிகபட்சம் ஆகுமான ஒரு காரியம்தான், பெற்றோரின் மனம் கடமை. நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

அக்கா மகன் முடி இப்போது தோளைத் தொடுகிறது. போன வாரம் பிடரிப் பக்கம் ஒரே ஒரு சடை போட்டுப் பக்கெட்டில் முக்கிப் பார்த்துவிட்டு, குமிழி நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல போன் பண்ணினான். ஹஜ்ரத்திடம் போகும்போது நீயும் வா மாமா என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம், அவன் அத்தாவும் வருகிறார்.