பிக்சல் ஓட்டம்: கால் சறுக்காமல் வரைவது எப்படி

மேடைக்கு மேடை ஓடித் தாவும் பிளாட்ஃபார்ம் கேம் ஆடுபவர் அதிக நேரம் பார்ப்பது கேரக்டர் ஓடுவதைத்தான். முகம் எத்தனை அழகாக இருந்தாலும் ஊன்றிய கால் தரையில் வழுக்கினால் எல்லாம் கெட்டது. ஆகவே வேலையை ஓட்டத்தில் தொடங்குங்கள். நிற்பதும் குதிப்பதும் பிறகு.

பிக்சல் படம் வரையும் மென்பொருளான ஏஸ்பிரைட்டில் 32×32 பிக்சல் கேன்வாஸ் திறந்து, கேரக்டரை 24 பிக்சல் உயரத்துக்குள் அடக்குங்கள். மிச்சமிருக்கும் இடம் கை வீசவும் உடல் எழும்பவும் தேவைப்படும். கடைசி வரிசையில், தனி லேயரில், ஒரு தரைக்கோடு இழுங்கள். பாதம் அதன் மேல் நிற்கட்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த லேயரை மறைத்துவிட்டு, கேம் எஞ்சினில் (கேமை உருவாக்கி இயக்கும் மென்பொருளில்) படத்தை 1 பிக்சல் கீழே இறக்குங்கள். மறந்தால் கேரக்டர் தரைக்கு மேல் மிதக்கும்.

வரைவதற்கு முன் ஒரு கணக்கு. கேரக்டர் வினாடிக்கு 90 பிக்சல் ஓடுகிறது, ஒரு ஃபிரேம், அதாவது அசைவின் ஒரு படம், 80 மில்லிசெகண்ட் நிற்கிறது என்றால், ஒரு ஃபிரேமுக்குள் உடல் சுமார் 7 பிக்சல் முன்னேறிவிடும். ஊன்றிய பாதம் தரையில் அசையாமல் தெரிய, கேன்வாஸில் அது அதே 7 பிக்சல் பின்னால் போக வேண்டும். இவ்வளவு சின்ன உடலின் கால் மூன்று நான்கு ஃபிரேமுக்கு அந்த வேகத்தில் எட்டாது. அதனால் இரண்டு ஃபிரேம் மட்டும் ஊன்றி, மூன்றாவதில் அந்தரத்துக்கு விட்டுவிடுங்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே இந்த அந்தர ஃபிரேம்தான்.

ஆக மொத்தம் ஆறு ஃபிரேம். முதலாவதில் முன்கால் இடுப்புக்கு 6 பிக்சல் முன்னால் தரையைத் தொடுகிறது. இரண்டாவதில் அதே பாதம் இடுப்புக்கு 1 பிக்சல் பின்னால். எடை இறங்குவதால் முழங்கால் மடிந்து, உடல் 1 பிக்சல் தாழும். மூன்றாவதில் இரண்டு பாதங்களும் தரையில் இல்லை, உடல் முதல் ஃபிரேமைவிட 1 பிக்சல் மேலே. நான்கு முதல் ஆறு வரை அதே நிலைகள், கைகால் மட்டும் இடம் மாறும். கை எப்போதும் எதிர்ப்பக்கக் காலோடு சேர்ந்து முன்னே வரும்.

முதலில் தலை, உடம்பு, கால்களை வெறும் வண்ணத் திட்டுகளாக வையுங்கள். கண், பொத்தான், அவுட்லைன் எதுவும் வேண்டாம். ஆல்ட்+என் அடித்தால் இருக்கும் ஃபிரேமின் நகல் வரும், எஃப்3 அடித்தால் ஆனியன் ஸ்கின்னில் முந்தைய ஃபிரேம் மங்கலாகத் தெரியும். என்டர் தட்டி ஓடவிட்டுப் பாருங்கள். திட்டுகள் ஓடாவிட்டால் நகாசு வேலை எதுவும் அதைக் காப்பாற்றாது.

அந்தப்பக்கக் கைகாலுக்கு ஒரு படி இருண்ட நிறம் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் மூன்று ஃபிரேமும் அடுத்த மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்து, கேரக்டர் ஒற்றைக்காலில் நொண்டுவதுபோல் ஆகிவிடும்.

தலையாட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 24 பிக்சல் உயரத்தை 170 சென்டிமீட்டர் ஆளாக நினைத்தால் 1 பிக்சல் என்பது 7 சென்டிமீட்டர். மேலும் கீழும் ஒவ்வொரு பிக்சல் தாராளம். அதைத் தாண்டினால் தவளைத் துள்ளல். தலையை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக வரையாதீர்கள், நகலெடுத்து நகர்த்துங்கள். புதிதாக வரைந்தால் கண்ணும் முடியும் ஆளுக்கொரு பக்கம் அலைந்து முகம் கொதிப்பதுபோல் தெரியும். முடியோ துண்டோ இருந்தால் உடலுக்கு ஒரு ஃபிரேம் பின்தங்கி அசையட்டும்.

ஃபிரேம் கூடினால் தரம் கூடும் என்று நம்ப வேண்டாம். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் 16×16 அளவுள்ள குட்டி மரியோ மூன்றே ஃபிரேமில் நடக்கிறான்.

குதிப்பதற்கு முன் குனியும் ஃபிரேம் வைக்காதீர்கள். பொத்தானை அழுத்தியவுடன் உடல் எழ வேண்டும். 80 மில்லிசெகண்ட் தாமதம்கூட விரலுக்குத் தெரியும். அந்தக் குனிவைத் தரையிறங்கும் இடத்தில் வையுங்கள்: இரண்டு ஃபிரேம், உயரம் 2 பிக்சல் குறைந்து அகலம் 2 பிக்சல் கூடும். அப்போதும் ஆடுபவர் ஓட முடியவேண்டும். ஏறுவது, உச்சி, விழுவது ஆகிய மூன்று படங்களையும் நேரத்தை வைத்து மாற்றாமல் செங்குத்து வேகத்தை வைத்து மாற்றுங்கள். குட்டிக் குதிப்பு, நெடுங்குதிப்பு இரண்டுக்கும் அவையே போதும்.

நிற்பதற்கு நான்கு ஃபிரேம்: மார்பு முதலில் இறங்க, தலை அடுத்த ஃபிரேமில் இறங்கும். ஓய்ந்து நிற்கும் ஃபிரேமுக்கு 400 மில்லிசெகண்ட், மற்றவற்றுக்கு 120.

எல்லா ஃபிரேமையும் ஒரே படத்தில் அடுக்கி ஸ்பிரைட் ஷீட்டாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ட்ரிம் வேண்டாம். காலியிடம் வெட்டுப்பட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் அளவு மாறி, கேரக்டர் நின்ற இடத்திலேயே நடுங்கும். படங்களுக்கு நடுவே 2 பிக்சல் இடைவெளி விடுங்கள், பக்கத்துப் படத்தின் ஓரம் கசியாது. யூனிட்டி எஞ்சினில் ஃபில்டர் மோடைப் பாயின்ட் (Point) என்றும் கம்ப்ரெஷனை நன் (None) என்றும் வையுங்கள். கோடோ 4 எஞ்சினில் டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் ஆக்குங்கள். திரையை 320×180 என வைத்தால் சரியாக 6 மடங்கில் 1920×1080 ஆகும். இரண்டரை மடங்கு போன்ற அளவில் பெரிதாக்கினால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் போய், கவனமாக வைத்த அந்த ஒற்றைப் பிக்சல் அசைவே அலங்கோலமாகிவிடும்.