சப்வூஃபர் வைக்க இடம் தேடுறீங்களா? தவழ்ந்து பாருங்க

நான் ராயபுரத்துல லேத் பட்டறை வெச்சிருக்கேன். நண்பர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல ரயில் பெட்டி வேலை. வாரம் முழுக்க ரெண்டு பேருக்கும் அதிர்வோடதான் மல்லுக்கட்டு. ஞாயித்துக்கிழமை ஹோம் தியேட்டர் முன்னாடி உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான்.

போன வாரம் அவர் வீட்டு ஹால்ல, மூலையில இருந்த சப்வூஃபர் (பேஸ், அதாவது அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி 'தொம் தொம்'னுச்சு. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால்ல மூலை பேஸை ஊதிப் பெருக்கிடும். அதனால சப்வூஃபரைத் தூக்கி, நாம உட்கார்ற சோஃபா மேலயே வெச்சோம். பேஸ் நடை மாறி மாறி வர்ற பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமா முட்டி போட்டுத் தவழ்ந்தோம். (அண்ணி சிரிச்ச சிரிப்பு தனிக்கதை.) ஒவ்வொரு தட்டும் தனித்தனியா, அளவாக் கேட்ட இடம் டிவி ஸ்டாண்டுக்கு இடப்பக்கம். சோஃபாவுல இருந்து அங்க நல்லாக் கேட்டா, அங்க இருந்து சோஃபாவுக்கும் அப்படியே கேக்கும்; அதனால அங்கேயே இறக்கிட்டோம்.

அடியில என் பட்டறை மெஷினுக்குப் போடுற ரப்பர் பேட். பீரோ கதவு கடகடன்னுச்சு, இடுக்குல மடிச்ச சைக்கிள் டியூப் துண்டைச் செருகினோம். ஸ்பீக்கர்களை ஓட்டுற ரிசீவர்ல கிராஸ்ஓவர், அதாவது எதுக்குக் கீழ உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகணுங்கிற எல்லை, 80 ஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்னா, ராத்திரி 9 மணிக்கு மேல நைட் மோடு (சத்தம் திடீர்னு ஏறாம அடக்குற செட்டிங்) போட்டுடுங்க.