முகமறிதல்: சராசரியை நம்பாதீர்கள்

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் மென்பொருளைச் சோதிக்கும்போது, மொத்தத்தில் 99% சரி என்பதோடு விட்டுவிடாதீர்கள். சோதனைப் படங்களை தோல் நிறத்தை வெளிர் முதல் கருமை வரை வகுக்கும் மாங்க் அளவுகோலின் 10 பிரிவுகளாகப் பிரித்து, இரு பிழைகளையும் தனித்தனியே எண்ணுங்கள்: வேற்றாளை உள்ளே விடுவது, உரியவரையே தடுப்பது. பாதுகாப்புக்கு முதலாவதுதான் ஆபத்து. 2019-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் சோதித்தபோது, பல மென்பொருள்களில் இந்தப் பிழை சில இனக்குழுக்களுக்கு 10 முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. ஆகவே ஏற்பு வரம்பை (முகம் எவ்வளவு ஒத்திருந்தால் அதே ஆள் என ஏற்பது என்பதை), இப்பிழை அதிகம் வரும் பிரிவை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கேமராவையும் கவனியுங்கள். நிற்பவரின் முதுகுப்புறம் ஜன்னல் இருந்தால் அந்த வெளிச்சத்துக்கேற்ப கேமரா ஒளியைக் குறைத்துவிடும். கருநிற முகத்தில் கண்ணோரமும் மூக்கோரமும் ஒரே இருட்டாகிவிடும். பிறகு பிரகாசத்தைக் கூட்டினால் படத்தில் புள்ளிப்புள்ளியான கலங்கல்தான் மிஞ்சும். ஒளியளவை முகத்தில் எடுக்கச் செய்து, முன்னாலிருந்து பரவலான வெளிச்சம் கொடுங்கள். போட்டோவைக் காட்டி ஏமாற்றுவதைப் பிடிக்கும் உயிர்ப்புச் சோதனையையும் அதே 10 பிரிவுகளில் ஓட்டிப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.