ரொம்ப வருஷம் கழிச்சு கனடாவோட ஆட்டவா குளிருக்குத் திரும்பி வர்றீங்களா?

ஆட்டவாலயே வளந்தவனுக்கு குளிர் என்ன புதுசான்னு நெனச்சுட்டுதான் பதினோரு வருஷம் டல்லாஸ்ல இருந்துட்டு போன ஜனவரில ஊருக்கு வந்தேன், மொத நாளே பஸ் ஸ்டாப்ல நின்ன பத்து நிமிஷத்துல ரெண்டு காதும் இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாக்கற நெலமை. ஊரு ஞாபகம் இருக்கு, உடம்புக்குத்தான் மறந்துபோச்சு. அதனால மொத வாரம் புதுசா வந்த ஆள் மாதிரியே நடந்துக்கோங்க, கௌரவம் பாக்காதீங்க.

ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும் பெட்டியிலயே கெடக்கட்டும். காட்டன் வேர்வைய குடிச்சுட்டு ஈரமாவே இருக்கும், ஓடி ஆடிட்டு நின்னீங்கன்னா முதுகே ஜில்லிட்டுப் போயிடும். உள்ள கம்பளி, நடுவுல ஃப்ளீஸ், மேல காத்து புகாத ஜாக்கெட். கிளவ்ஸ விட மிட்டன்தான் சூடு, விரலெல்லாம் ஒண்ணா ஒட்டிட்டு இருக்கும்ல. ஆப்ல வெறும் டெம்பரேச்சர பாத்துட்டு கெளம்பாதீங்க, விண்ட்சில் (காத்தையும் சேத்து உடம்புக்கு உறைக்கற குளிர்) பாருங்க, மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10லேந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிச்சுடலாம், அன்னிக்கு வீட்லயே பஜ்ஜி போட்டு சாப்டுங்க.

அடுத்து ரீடோ கால்வாய், குளிர்ல உறைஞ்சதும் அது மேல ஸ்கேட்டிங் பண்ணலாம், இதுக்குத்தானே வந்தோம். டவுன்டவுன்லேந்து டௌஸ் லேக் வழியா 7.8 கிலோமீட்டர் ஐஸ், டிக்கெட் கிடையாது, 1970-71 குளிர்காலத்துலேந்து நடக்குது. ஆனா சின்ன வயசுல மாதிரி ஜனவரி வந்தா தெறந்துடும்னு நம்பி லீவு போட்டுடாதீங்க, ஐஸ் சுமார் 30 செ.மீ. கனம் இருந்தாதான் ஆள விடுவாங்க, 2023ல தெறக்கவே இல்ல. பச்சைக் கொடின்னா போலாம், சிவப்புன்னா திரும்பிடுங்க. வேலை நாள் காலைல போங்க, ராத்திரி தண்ணி விட்டு சமன் பண்ணியிருந்தாங்கன்னா கண்ணாடி மாதிரி இருக்கும், சாயங்காலம் ஆச்சுன்னா கோடும் குழியுமா ஆயிடும். நீளவாக்குல ஓடற வெடிப்பப் பாத்து தாண்டுங்க, பிளேடு அதுல மாட்டிச்சுன்னா முட்டி காலி.

பேஸ்மென்ட்ல கெடக்கற பழைய ஸ்கேட்ஸ அப்படியே மாட்டாம கடைல குடுத்து தீட்டிக்கோங்க. நான் பண்ண தப்பு, குளிருதேன்னு ரெண்டு தடி சாக்ஸ் போட்டேன், கால் இறுகி ரத்த ஓட்டம் நின்னு அரை மணில விரல் மரத்துப்போச்சு. மெலிசா ஒண்ணு போதும். லேஸ் விரல் பக்கம் தளர்வா, கணுக்கால் பக்கம் நல்லா இறுக்கி. விழறது நிச்சயம், அதனால முட்டிய மடக்கியே ஓடுங்க, விழுந்தா பக்கவாட்டுல விழுங்க, பின்னாடி சாயாதீங்க.

நடுவுல பீவர்டெயில் கடை வரும், மாவ நீளமா இழுத்து எண்ணெய்ல பொரிச்சு பட்டைப்பொடி சர்க்கரை தூவித் தருவாங்க, கிட்டத்தட்ட இனிப்பு பட்டூரா, ஆனா மிட்டனோட சாப்ட முடியாது, அதான் கொடுமை. பிப்ரவரில விண்டர்லூட்னு குளிர்காலத் திருவிழா இருக்கு, ஐஸ் சிற்பம் பாக்கறதுக்கு ஒரு ரவுண்டு போதும், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

வீட்ல குழந்தைங்க இருந்தா மேப்பிள் டாஃபி பண்ணுங்க. அசல் மேப்பிள் சிரப்ப (பேன்கேக் சிரப் இல்ல) கொஞ்சம் பெரிய பாத்திரத்துல, ஏன்னா பொங்கும், சுமார் 113 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்க விடுங்க, தர்மாமீட்டர் இல்லன்னா நம்ம பாகு பதம் பாக்கற மாதிரி பச்சத் தண்ணில ஒரு சொட்டு விட்டா மெத்துன்னு உருண்டு வரணும். ஒரு டிரேல புதுசா விழுந்த சுத்தமான பனிய அமுக்கி வெச்சு, அது மேல கோடு கோடா ஊத்தி, ஐஸ் குச்சியால சுருட்டிட்டே வாங்க. பெரியவங்கதான் ஊத்தணும், சுட்டா தோல் உரிஞ்சுடும்.

திரும்பி வந்ததும் பூட்ஸ் உள்ள இருக்கற லைனர வெளிய எடுத்து காய வைங்க, ஹீட்டர் மேல மட்டும் வைக்காதீங்க, எனக்கு ஒரு ஜோடி சுருங்கியே போச்சு. அம்மா உள்ள நியூஸ்பேப்பர சுருட்டித் திணிச்சு வெச்சாங்க, காலைல எடுத்தா நல்லா காஞ்சிருந்தது.